உப்புத் தண்ணீர் எலிகள்

ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். ராஜபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மம்சாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய், கூண்டுகளில் மரத்தூளை மாற்றி, ஒவ்வொரு எலியையும் நிறுத்து எடையை நோட்டில் எழுத வேண்டும். மனிதர்களோடு பேசக் கூச்சப்படுகிறவனுக்குத் தோதான வேலை.

ஆராய்ச்சி செய்த பெண் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பட்டத்துக்கு அது கடைசி வருடம். சின்னச் சீசாவின் அடியில் ஒட்டிக்கிடந்த வெள்ளைப் பொடியை ஒருநாள் காட்டினார்.

"இதுதாண்ணே பெப்டைடு. செயற்கையா செஞ்சது. மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்குல்ல, அதத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனச் சுரக்க வைக்கும். சாதா மருந்து செத்த நேரத்துல கரைஞ்சுரும். இது ஒரு வாரம் நிக்குதான்னு பாக்கணும்."

மேல் வரிசைக் கூண்டுகளுக்கு அந்த ஊசி. கீழ் வரிசைக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்தின் வேலை தெரியும் என்றார். தீவனம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

மேல் வரிசை எலிகள் பளபளவென்று பெருத்தன. கீழே உள்ளவை ஊசிக்குத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுருண்டு கிடந்தன. டீயோடு கொறிக்க வைத்திருக்கும் பொரிகடலையில் கொஞ்சம் தினமும் அவற்றுக்குப் போட்டேன். தீவனத்தை கிராம் பிசகாமல்தான் நிறுத்து வைத்தேன். பொரிகடலையை எங்கள் வீட்டில் யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை.

கூட்டிப் பெருக்கும் அக்கா பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, கீழ் வீட்டுக்கு மட்டும் பலகாரமா? மேல் வீட்டுக்காரவிய சண்டைக்கு வரப் போறாவ."

சிரித்து வைத்தேன்.

மூன்றாவது வாரம் இரண்டு வரிசையின் எடையும் ஒட்டி வந்துவிட்டது. அந்தப் பெண் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கரண்டு போனப்ப பிரிட்ஜுல இருந்த பொடி கெட்டுப்போச்சு போலண்ணே. மருந்து வேலை செய்யலன்னு சாருக்கு எழுதிற வேண்டியதுதான். மூணு வருசம் போச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து, மறுபடி போய்க் கழுவினேன். கடைசியில் அவர் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"மேடம், பொடிய குத்தம் சொல்லாதீங்க. நான் கடலை போட்டேன்."

"எந்தக் கூண்டுக்கு?"

"கீழ."

"எம்புட்டு நாளாண்ணே?"

"பதினஞ்சு நாளா."

"எதுக்குண்ணே?"

"பாக்கப் பாவமா இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்து கெட்டுச்சா இல்லையான்னு இனிமேதான் தெரியும். புது எலி வாங்கி முதல்லேருந்து தொடங்கணும். நல்லவேளை, எழுதுறதுக்கு முன்னாடி சொன்னிய."

"அப்ப இதுக?"

"கணக்குக் கெட்டத வச்சுக்கிட முடியாதுண்ணே. ரெண்டு வரிசையும்தான்."

எலிகளை மயக்கி உயிரை முடிக்கும் அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. பன்னிரண்டு கூண்டு, பன்னிரண்டு நடை. கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. ஒவ்வொரு முறையும் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். எது மேல் வரிசை, எது கீழ் வரிசை என்று நாலாவது நடைக்குப் பிறகு பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் புது அட்டைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஏழு மணிக்கு எலி வருதுண்ணே. எடை எடுக்கணும்."

"வாரேன் மேடம்" என்றேன். காலிக் கூண்டுகளைக் கழுவ வேண்டியிருந்தது.