இடது கதவின் இரண்டு கம்பிகள்

சுவருக்கு அந்தப் பக்கம், கார் கொட்டகையிலிருந்து பாட்டு வந்தது. அடுப்பங்கரையில் ஐவார் தொக்குக்காகச் சுட்ட மிளகாய்களின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஸ்போமென்காவின் கை அப்படியே நின்றது.

பாடுகிறவனின் குரல் கேட்டது. அக்கார்டியன் கேட்டது. அடியிலிருந்து எழ வேண்டிய கனத்த முழக்கம் மட்டும் வரவில்லை. புது ஸ்பீக்கர் மாட்டிய காரில் முதல் பாட்டு ஓடும்போது அந்த முழக்கம் சுவரைத் தாண்டி வந்து, அலமாரியில் இருக்கும் பாத்திர மூடிகளைக் கிடுகிடுக்க வைக்கும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். இன்று மூடிகள் பேசாமல் கிடந்தன.

பாட்டு நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. பிறகு தகட்டின் மேல் உருளையை வைத்துத் தேய்க்கும் சத்தம். அவள் கணவன் வெலிமிர், காரின் கதவுக்குள் அதிர்வைத் தாங்கும் பிசின் தாளை இன்னொரு அடுக்கு ஒட்டுகிறான். காலையிலிருந்து இது மூன்றாவது அடுக்கு.

"கதவுல ஒண்ணுமில்ல, மனுஷா," என்று மிளகாயிடம் சொல்வதுபோல முணுமுணுத்தாள். "ஒயரு மாறிக் கிடக்கு."

இரண்டு கதவிலும் உள்ள ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் முன்னே தள்ள வேண்டும், ஒரே நேரத்தில் பின்னே இழுக்க வேண்டும். ஒரு பக்கத்துக் கம்பிகள் இடம் மாறிவிட்டால், இது தள்ளும்போது அது இழுக்கும். ஒன்றின் கனத்த ஒலியை மற்றது தின்றுவிடும். குரலும் நடுவில் நிற்காமல் திசை தெரியாமல் அலையும். இதெல்லாம் வெலிமிர் அவளுக்குச் சொல்லித் தந்ததுதான். மற்ற கடைக்காரர்கள் சின்ன பேட்டரியைக் கம்பியில் தொட்டு, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் அசைகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். வெலிமிர் காரில் ஏறி ஒரு நொடி உட்கார்ந்தால் போதும். "பேட்டரி செவிடனுக்கு. எனக்குக் காது இருக்கு," என்பான். லெஸ்கோவாட்ஸ் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வசனம் மனப்பாடம்.

அந்தக் காதுகளில் ஒன்று போய்விட்டது. அது ஸ்போமென்காவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது வெலிமிருக்குத் தெரியாது.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில்தான் அவள் முதலில் கவனித்தாள். போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எதிர்ப்பக்கம் போனான். வெயில் கண்ணில் அடிக்கிறதாம். வலது பக்கம் நின்று பேசினால் சிரித்துத் தலையாட்டினான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாத அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று, அவள் துணி காயப்போடும் சாக்கில் பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அவள் கேட்டுப் பழகியவள். பத்தொன்பது வயதில் நூற்பாலையின் டெலிபோன் பலகையில் வேலைக்குச் சேர்ந்தாள். யார் பேசுகிறார் என்று பெயர் கேட்காமலே இணைப்புக் கொடுப்பாள். வெலிமிரையும் அவள் முதலில் பார்க்கவில்லை, கேட்டாள். ஆலையின் ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்க்க வந்தவன், கிடங்குக்கு இணைப்புக் கேட்டு ஒரே நாளில் ஒன்பது முறை கூப்பிட்டான். ஒன்பதாவது முறை, "கிடங்குல யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும், உங்க குரலுக்காகத்தான்," என்றான். ஆலை மூடிய பிறகு இந்தக் கொட்டகைதான் இருவருக்கும் சோறு போட்டது. அவன் காதுதான் போட்டது.

ஆகவே அவள் வாய் திறக்கவில்லை. தெருவில் அவனுக்கு இடது பக்கமாக நடந்தாள். காபியை இடது பக்கம் வைத்தாள். டாக்டர் என்ற சொல்லை ஒரு முறை எடுத்தபோது அவன் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு அதையும் எடுக்கவில்லை.

இன்று வந்திருக்கும் கார் குவோஸ்டெனுடையது. வாரம் ஒரு முறை வியன்னாவுக்கு ஆட்களையும் பார்சல்களையும் ஏற்றிப்போகிறவன். பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தில் அவனைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது பாட்டுதான். எல்லையில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அவன் பேசாத ஆள் கிடையாது. நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னால் குளிர்காலம் முழுவதும் கொட்டகை நிறையும். வெலிமிருக்குக் காது போய்விட்டது என்று சொன்னாலோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா வீட்டிலும் தெரிந்துவிடும்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவன் மூன்றுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, ஐவார் வாசம் தெருமுனை வரைக்கும் இழுக்குது. ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வைக்கலேன்னா வண்டிய எடுக்க மாட்டேன்."

"மொதல்ல போன வருஷத்துப் பாட்டிலைத் திருப்பிக் குடு."

"அது வியன்னாவுல குடியுரிமை வாங்கிடுச்சு."

அவள் காபித் தட்டோடு அவன் பின்னாலேயே கொட்டகைக்குப் போனாள். வெலிமிர் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வண்டிக்காரன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும், எல்லாக் கதவையும் சாத்த வேண்டும், அவனுக்குப் பிடித்த பாட்டை முழுவதும் கேட்க வேண்டும். முடியும்வரை வெளியில் யாரும் பேசக் கூடாது.

குவோஸ்டென் கேட்டான். விரலால் தாளம் போட்டான். இறங்கினான்.

"பின்னுது மாஸ்டர். பழைய ஸ்பீக்கர் தகர டப்பா. இது எங்கயோ போயிடுச்சு."

வெலிமிர் சிரித்தான். ஸ்போமென்கா அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். சுத்தமாக இருந்த கைகளை அவன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது என்னவென்றுதான் தெரியவில்லை. இருந்தும் வண்டியை விட்டுவிடப் போகிறான். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக.

விட்டுவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக் காலை இவன் எந்த முகத்தோடு இந்தக் கொட்டகைக்குள் வருவான்? சொன்னால் ஊருக்கு முன் தலைகுனிவான். சொல்லாவிட்டால் தனக்குத் தானே தலைகுனிந்து கிடப்பான்.

குவோஸ்டென் மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகப் போனான்.

"இரு குவோஸ்டென். வண்டியக் கிளப்பாத," என்றாள். "ஒரு கதவுல ஒயர் மாறியிருக்கு. நான்தான் மாத்திட்டேன்."

வெலிமிரின் கையிலிருந்த துணி நின்றது.

"காலையில இவருக்குப் போன் வந்துச்சு. அந்த நேரத்துல நானே இணைச்சு வச்சேன். அவசரத்துல மாத்திட்டேன் போல. சுவத்துக்கு அந்தப் பக்கம் முழக்கமே வரல."

குவோஸ்டென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அண்ணி, மிளகா உரிக்கற கைக்கு ஒயர் எதுக்கு? மாஸ்டர், நாளைக்கு இவங்க கையில ஸ்டியரிங்கையும் குடுப்பீங்க போல. எங்க வீட்டுக்காரிய நான் ரேடியோவத் தொடக்கூட விடறதில்ல. பொம்பளைங்களுக்குக் கேக்க மட்டும்தான்..."

"வாய மூடு," என்றான் வெலிமிர்.

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் குவோஸ்டென் நிறுத்திவிட்டான்.

"அவ ஒயரத் தொடவே இல்ல. போனும் வரல. மாத்திப் போட்டது நான். போட்டது கூடப் பரவாயில்ல, மாத்திப் போட்டது எனக்குத் தெரியவும் இல்ல." அவன் வலது காதை விரலால் தொட்டுக் காட்டினான். "இது செத்துப்போச்சு. அஞ்சு மாசமாச்சு. காலையிலேருந்து உன் கதவுல கண்ணு தெரியாதவன் மாதிரி தடவிக்கிட்டிருக்கேன்."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீ நாற்காலிய மாத்துன அன்னிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவன் கண்கள் நிறைந்தன. அதை மறைக்கக் கதவுப் பக்கம் திரும்பிக் குனிந்தான். "வீட்டுல பேட்டரி இருக்கா?" என்று குரல் மட்டும் வந்தது.

கொட்டகையில் ஒரு பேட்டரிகூட இல்லை. இருபத்தாறு வருடமாகத் தேவைப்படவில்லை. ஸ்போமென்கா ஓடிப்போய் சமையலறைக் கடிகாரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். வெலிமிர் கதவுகளின் உறையைக் கழற்றி, ரேடியோவின் பின்னாலிருந்து வலது கதவுக்குப் போகும் கம்பியில் பேட்டரியைத் தொட்டான். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளியது. இடது கதவுக்குப் போகும் கம்பியில் தொட்டான். கூம்பு உள்ளே போனது. விரல் நுனியை அதன் மேல் வைத்து இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான். இந்தக் காரின் முந்தைய சொந்தக்காரன் எப்போதோ கதவின் கீல் பக்கத்தில் கம்பியை வெட்டி, நிறம் மாற்றி ஒட்டியிருந்தான். வெலிமிர் நிறத்தை நம்பி மாட்டிவிட்டான். மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாட்டை ஓடவிட்டதும் குவோஸ்டென் வாயைப் பிளந்தான். "இது இத்தனை நேரம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு? சட்டைக்குள்ள வந்து முட்டுது." பிறகு இறங்கி வந்து சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "அப்ப, நல்லாருக்கா இல்லையான்னு கடைசியா யாரு கேட்டுச் சொல்றது மாஸ்டர்?"

வெலிமிர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மனைவிக்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்போமென்கா இதுவரை எந்த வண்டியிலும் அப்படி உட்கார்ந்ததில்லை. மிளகாய்க் கறை படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள். கதவுகள் சாத்தப்பட்டன. பாடுகிறவன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று அவளுக்காகவே பாடினான். ஆனால் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்து நின்றான்.

கண்ணாடியை இறக்கினாள். "குரல் என் பக்கம் சாயுது."

வெலிமிர் மறுபக்கத்து ஜன்னல் வழியே கைவிட்டு ரேடியோவில் ஒலியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்தினான். அவள் தலையசைத்தாள், இன்னும். இன்னொரு படி. அவள் கையைத் தூக்கினாள். அவன் நிறுத்தினான். அந்த ஐந்து மாதத்தில் அவன் முகத்தில் அவள் பார்க்காத அமைதி அப்போது வந்தது. அழுகையை அடக்க அவள் பாட்டு முடியும்வரை இறங்கவில்லை.

குவோஸ்டெனுக்கு ஐவார் பாட்டில் கிடைத்தது. வண்டியில் ஏறியவன் உடனே கிளம்பவில்லை.

"மாஸ்டர், எனக்கு வாய் நிக்காது. உங்களுக்கே தெரியும். எல்லையில யாராச்சும் கேட்டா..."

"இருக்கறதச் சொல்லு," என்றான் வெலிமிர். "ஒரு காது போச்சு, பொண்டாட்டி கேட்டுச் சொல்றான்னு சொல்லு. வர்றவன் வரட்டும், வராதவன் போகட்டும். திங்கக்கிழமை மட்டும் யாரையும் அனுப்பாத."

"ஏன், திங்கக்கிழமை என்ன?"

"டாக்டரப் பாக்கப் போறோம்."

ஸ்போமென்கா ஏப்ரனில் கைகளைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி, பொம்பளைங்களைப் பத்தி நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க," என்றான் குவோஸ்டென்.

"வச்சுக்குவேன். அடுத்த வருஷம் பாட்டில் கேப்பியே, அப்ப பாத்துக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்பினான். அது முனை திரும்பும்வரை வெலிமிர் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து, கொட்டகையின் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினான்.