ரேவதியின் முன்சீட்டு

எங்கள் காரில் முன்சீட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பெரிய பையன்கள் இரண்டு பேர் அதில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். குடும்பத்தோடு போனால் அம்மா, அம்மா மடியில் தம்பி. ஓட்டுகிறவர் என் அப்பா, வண்டி எங்கள் வண்டி, எனக்கு மட்டும் எப்போதும் பின்சீட்டு. இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இருக்க முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயதில்தான் ரேவதி வந்து சேர்ந்தாள். அவள் மெக்கானிக்கின் மகள். வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போதெல்லாம், வேலை முடிந்ததும் அவள் அந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜம்மென்று ஒரு சுற்று போய்வருவாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

உத்திரமேரூர் ஏரிக்கரையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் காலனி. நடவு, அறுப்பு, கட்டட வேலை என்று கூலிக்குப் போகிற ஜனங்கள். அப்பாவும் அதுவரை யார் யார் வண்டியையோ ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். பிறகு எப்படியோ ஒரு பழைய காரைச் சொந்தமாக வாங்கிவிட்டார். காலனிக்குள் வந்து நின்ற முதல் கார் அது. அம்மா திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் பல நாள் தெருவில் கிடந்து காய்ந்தது. காலையும் மாலையும் காலனிப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார். நடுவில் பிரசவம், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று எது வந்தாலும் ஓடுவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காரால்தான்.

ஒரு நாள் காலையில், பிள்ளைகளோடு ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. எதிரே எருமைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. அப்பா பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தார். அது தரையோடு தரையாகப் போய் ஒட்டிக்கொண்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பக்கத்திலிருந்த வைக்கோல் போரில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினார். ஒரு பையனுக்கு உதடு கிழிந்ததோடு போயிற்று. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மெயின் ரோட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் பிரேக் வேலை பார்த்திருந்தது. அங்கே அப்பாவை வெளியே வெயிலில் நிற்கவைத்து, "எல்லாம் மாத்தியாச்சுடா, கண்ண மூடிக்கினு ஓட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவும் நம்பித்தான் ஓட்டினார்.

அதே ஒர்க்‌ஷாப்பில் மறுபடி எதையோ முடுக்கி வண்டியை எடுத்துவந்த மறுநாள், காலனியில் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. "புள்ளைக்கு ஒடம்பு சொகமில்ல" என்றாள் ஒருத்தி. "பஸ்ஸுல போயிப் பயகட்டும்" என்றாள் இன்னொருத்தி. அப்பா காலி வண்டியில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனது நான் ஒருத்திதான். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. அப்பா பின்னால் ஏறச் சொன்னார்.

பிறகுதான் இந்த மெக்கானிக்கைக் கண்டுபிடித்தார். டவுனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பின்னாலேயே அவருடைய வீடு. அப்பா உட்கார அவர் ஒரு ஸ்டூல் போட்டு "நைனா" என்று கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றி உள்ளே காட்டினார். முன்னே வேலை பார்த்தவர்கள் எதையுமே மாற்றவில்லை, துடைத்து மட்டும் வைத்திருந்தார்கள். இவர் பொறுமையாக எல்லாவற்றையும் மாற்றிப் போட்டார். ஆனால் ஒரு முறை சூடுபட்ட அப்பாவுக்கு மனசு ஆறவில்லை.

"நம்பி ஓட்லாமாண்ணா? ஊரான் வூட்டுப் புள்ளைங்க குந்தற வண்டி" என்று கேட்டார்.

மெக்கானிக் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, "ரேவதி, இங்க வா கண்ணு" என்று கூப்பிட்டார். என் வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, அப்பாவையும் என்னையும் கொட்டகையிலேயே நிற்கவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதே ஏரிக்கரைச் சரிவில் வேகமாக இறக்கி, பிரேக் போட்டு நிறுத்திப் பார்த்ததாகத் திரும்பி வந்து சொன்னார். ரேவதி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். சொந்தக் காருக்கு எதற்குக் கும்பிடு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயந்திரம் குழாயடியில் அம்மா இதையே எல்லோரிடமும் சொன்னாள். "பெத்த பொண்ணையே குந்த வச்சி ஓட்டிப் பாக்கறாருடி அந்தாளு." கேட்ட பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "அப்பால இன்னா, அதுக்கு மேல இன்னா வோணும்?" என்றார்கள். ஒவ்வொருத்தியாகப் பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு எப்போது வண்டியை விட்டாலும் கடைசியில் ரேவதி ஏறி ஒரு சுற்று போய்வருவது வழக்கமாகிவிட்டது. "பொண்ணு குந்திச்சா?" என்று காலனிப் பெண்கள் அப்பாவைக் கேட்பார்கள். குந்திச்சு என்று சொன்னால் போதும். நான் மட்டும் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. அத்தையை ஐயங்கார்குளம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பாவைப் பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால், அத்தைக்குத் தாய்வீடு என்றால் அப்பாதான். அத்தைக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். "எங்க அண்ணன் கார்ல வந்துதான் என்ன இட்டுக்கினு போவும்" என்று அத்தை அந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய மாமியார் வாயை அடைக்க அவளுக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது.

அம்மா விடியலிலேயே எழுந்து புளிசாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் கிளறி அண்டாக்களில் கட்டினாள். காருக்கு முன்னால் மல்லிகைச் சரம் தொங்கியது. கிளம்பித் தெருமுனை திரும்பும்போதே அப்பாவின் முகம் மாறிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றார். ஆமை வேகத்தில் ஓட்டி மெக்கானிக்கின் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "உள்ள கீற ரப்பர் வாஷர் போயிடிச்சி நைனா. நாயித்துக்கெயம, காஞ்சிபுரத்துல ஒரு கடைகூட தொறந்திருக்காது."

அம்மா விடவில்லை. "நல்ல நேரத்துக்குள்ள வளையல் போட்டாவணும்ணா. அந்தப் பொண்ணுக்கு ஆத்தா அப்பன் இல்ல, நாங்கதான். எதுனா பண்ணி அனுப்பி வுடுண்ணா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். மெக்கானிக் வண்டிக்கு முன்னால் கட்டியிருந்த பூவைப் பார்த்தார், அண்டாக்களைப் பார்த்தார். கொட்டகை மூலையில் கிடந்த ஒரு பழைய வண்டியிலிருந்து எதையோ கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் வேலை செய்தார். அவருடைய மனைவி வந்து தம்பிக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

முடிந்ததும் வழக்கம்போல ரேவதி ஏறினாள். வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வண்டி திரும்பியது. மெக்கானிக் ஹேண்ட் பிரேக்கைக் கரகரவென்று இழுத்து நிறுத்தினார்.

"நீ எறங்கு."

"இன்னொரு சுத்துப்பா."

"எறங்குன்னு சொன்னேன்ல."

ரேவதி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மெக்கானிக் தனியாக இன்னொரு முறை போய்விட்டு வந்தார். இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "மெல்லமா போனா ஒண்ணும் ஆவாது நைனா. பெடல ரெண்டு தபா அமுக்கிப் புடி. நாளைக்கி இட்டாந்து வுடு, புதுசு போட்டுத் தரேன்" என்றார்.

அம்மா உடனே அண்டாவைத் தூக்கினாள். இதுதான் சமயம் என்று நான் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவசரத்தில் அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையை விரித்துவிட்டு, ரேவதி எட்டிப் பார்க்கிறாளா என்று வீட்டுப் பக்கம் பார்த்தேன்.

சாவியோடு வந்த அப்பா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு திரும்பி, "அப்ப ரேவதிய ஏண்ணா எறக்கி வுட்ட?" என்று கேட்டார்.

மெக்கானிக் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால் தம்ளரை எடுத்துக்கொண்டு போக வந்த அவர் மனைவி அங்கேயே நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "பிரேக் புடிக்குதான்னு பாக்கத்தான் எங்கொயந்தைய இட்டுக்கினு போவியா நீ?" என்று புருஷனைக் கேட்டாள். சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெக்கானிக் அப்பாவின் கையிலிருந்து சாவியைத் தானே வாங்கிக்கொண்டார். "எடுக்காத நைனா. மனசு கேக்காம போலாம்னு சொல்லிட்டேன். வாணாம், எடுக்காத" என்றார்.

நான் இறங்க மாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவிடம் அடி விழும் என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் என்னை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே நடந்தாள்.

அண்டாக்களோடு பஸ் மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டிவிட்டிருந்தது. "கார் வச்சிக்கினு கீற அண்ணன் பஸ்ஸுல வந்து எறங்கறாரு பாருங்கடி" என்று அத்தையின் மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா, "பிரேக் சரியில்லம்மா" என்று மட்டும் சொன்னார். அத்தை வாசல்வரை வந்து காரைத் தேடிவிட்டு உள்ளே போனாள். கை நிறைய வளையல் போட்டுக்கொண்டபோதும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். வழி முழுக்க அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அடுப்படியில் அத்தையை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். அத்தை கேட்டுவிட்டு எழுந்து, ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு, வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா வாங்கிக் குடித்தார். அம்மா மட்டும் அடுப்படியிலேயே இருந்தாள். "அந்தப் பொண்ண குந்த வச்சதத்தான் நானு கொயாயடில பெருமையாப் பேசிக்கினு இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். நல்ல நேரம் தவறியதற்காக அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன்.

புது வாஷர் போட்ட அன்று மெக்கானிக் தனியாகத்தான் ஓட்டிப் பார்த்தார். ரேவதி வீட்டு வாசலில் நின்றாள், அவளுடைய அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. அப்பா கடைசிவரை வேறு மெக்கானிக்கிடம் போகவும் இல்லை. "பொண்ணு குந்திச்சா?" என்று காலனியில் யாராவது கேட்டால், அப்பாவுக்கு முன்னால் அம்மா பதில் சொல்வாள். "நாங்க குந்திக்கினு வந்தோம், போதாதா?" என்பாள். ரேவதி ஏதோ தப்பு செய்து வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு நன்றாக வேண்டும் என்பது என் எண்ணம்.

இதெல்லாம் புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. நான் ஒரு பிள்ளையைப் பெற்று, அவளைப் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற நாள் வந்த பிறகுதான் புரிந்தது.

போன வருஷம் உத்திரமேரூரில் ஒரு கல்யாண வீட்டில் ரேவதியைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் இறந்துவிட்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாக்கு என்மேல எம்மாம் ஆச தெரியுமா? எந்த வண்டி வந்தாலும் மொதல்ல என்னத்தான் குந்த வச்சி ஒரு சுத்து இட்டுக்கினு போவாரு. அப்பறம் ஒரு நாளு, ஒங்க வண்டிதான், எறங்குன்னுட்டாரு. அதோட நின்னுபோச்சு. நான் இன்னா தப்பு பண்ணேன்னு அவரு போறவரிக்கும் கேக்கவே இல்ல."

அவளுடைய அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடி. ஒன்ன பாத்து நான் எவ்ளோ பொறாமப்பட்டேன் தெரியுமா?" என்றேன்.

ரேவதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.