உதடு அசையக் கூடாது

காலை எட்டேகால் மணி, படிக்கட்டில் ஒன்பது பேர், முதலில் நின்றவர் ஸ்டெல்லா.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் தேர்வு மையத்தில் நான் கண்காணிப்பாளன். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மென்பொருள் எழுதத் தெரியும் என்று சான்றிதழ் தரும் தேர்வு இது. இதில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. நான்கு விடைகளில் ஒன்றை கிளிக் செய்தால் போதும். இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

சோதனை

பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். சட்டைக் கையை மடிக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் தந்தால் அதன் காம்பைத் திருப்பிப் பார்ப்பேன். விமான நிலையத்தில்கூட இவ்வளவு இல்லை. உள்ளே போகிறவரின் வேலை எப்படி என்பதைப் பார்க்க மட்டும் ஏற்பாடு கிடையாது.

ஸ்டெல்லா பெருங்களத்தூர்க்காரர். ஒரு மருத்துவமனையின் கணினி அமைப்பைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். சான்றிதழ் வாங்கும்வரை அந்த வேலையைத் தொடக் கூடாது, அதையும் வருடக் கடைசிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று அவருடைய கம்பெனி சொல்லிவிட்டது. வேலையில்லாமல் உட்காரவைக்கப்பட்டவர்களை அடுத்து என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வளையலைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "பன்னெண்டு வருஷமா ஓட்டுற வண்டிக்கு இப்ப வந்து எல்எல்ஆர் போடச் சொல்றாங்க சார்."

எச்சரிக்கை

ஸ்டெல்லாவுக்கு ஒரு பழக்கம். சிக்கலான கேள்வி வந்தால் முணுமுணுத்துக்கொண்டே யோசிப்பார். நிரல் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஆனால் உதடு அசைந்தால் கேள்வியை யாருக்கோ வாசித்துக் காட்டுவதாகக் கணக்கு. வேறு ஊரில் உட்கார்ந்து கேமராவில் பார்க்கும் மேலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். இரண்டு முறை போய்ச் சொன்னேன். மூன்றாவது முறை தேர்வை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன்.

அந்த அம்மா யோசிக்கிறார், வேறொன்றும் இல்லை என்று மேலாளரிடம் வாதாடிப் பார்த்தேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "யோசிக்கட்டும் சார், யார் வேணாம்னா? வெளிய தெரியாம யோசிக்கச் சொல்லுங்க."

கிஷோர்

அடுத்து வந்தவர் ஸ்டெல்லாவின் குழுவிலேயே வேலை செய்யும் கிஷோர். கீழ்க்கட்டளைக்காரர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. முன்பு தேர்வு எழுதியவர்கள் கேள்விகளை நினைவில் வைத்து வந்து விடையோடு சேர்த்துப் பரப்புவார்கள். அதற்கு 'டம்ப்' என்று பெயர். கிஷோர் அதை உருப்போட்டு வந்திருந்தார். ஒன்றரை மணி நேரத் தேர்வை இருபது நிமிடத்தில் முடித்தார். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். கேமராவுக்கு அவர்மேல் ஒரு புகாரும் இல்லை.

லாக்கரிலிருந்து போனை எடுத்தவுடன் அது அடித்தது. மருத்துவமனையில் பதிவு நின்றுபோய், நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்களாம். கிஷோர் படிக்கட்டிலேயே நின்று ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டார்: "அக்கா, எங்க கை வைக்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா. நீங்க தொடக் கூடாதாம், நான் பாஸாயிட்டேன்."

மூன்றாம் தடவை

இரண்டாம் தடவை ஸ்டெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினார். கொஞ்ச மதிப்பெண்ணில் போயிற்று. வருடக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாம் தடவை வந்தார். அதே சோதனை, அதே வளையல். இந்த முறை கேமராவில் சிலை மாதிரி இருந்தார். கை மட்டும் அசைந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் இப்படி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்தார். தேர்ச்சி. வாழ்த்துச் சொன்னேன். வளையலைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது: "கிஷோர் குடுத்ததை அப்படியே ஒப்பிச்சிட்டேன் சார். இன்னைக்கு ஒரு கேள்வியக்கூட முழுசா படிக்கல."

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, அவ்வளவு சீக்கிரம் பாஸானவர் என்பதால் ஸ்டெல்லாவை மருத்துவமனை வேலையிலிருந்து எடுத்து, சான்றிதழ்த் தேர்வுக்கு ஆள் தயார்செய்யும் பொறுப்பில் போட்டார்கள்.