குப்பைமேடு வேண்டாம் என்று சொல்லக் காரைக்காலுக்குப் போனோம்

பிரெஞ்சுக்காரர்கள் போன அடுத்த மாதமே என் வீட்டுக்காரரும் போய்விட்டார். வாந்திபேதி. குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார். தண்ணீர் ஏன் கெட்டது என்று யாரிடம் போய்க் கேட்பது? எனக்குத் தெரியவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

அடுத்த வைகாசியில் எங்கள் தெருவுக்கு வடக்கே இருக்கும் பள்ளத்தில் கழி நட்டு, புளியமரத்தில் ஒரு நோட்டீசும் அடித்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திருநள்ளாற்றில் சேருகிற குப்பை இனிமேல் அந்தப் பள்ளத்துக்கு வருமாம். ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் காரைக்கால் ஆபீசுக்கு வந்து சொல்லலாமாம். பள்ளத்தை ஒட்டி ஓடுவது எங்கள் வாய்க்கால். நாங்கள் குடிக்கிற குளத்தை நிரப்புவதும் அதுதான். சும்மா இருக்க முடியுமா? வருஷம் திரும்பாமல் வெளியே கிளம்புகிறாளே என்று நாலு பேர் சொன்னார்கள். சொல்லட்டும் என்று கிளம்பிவிட்டேன். துணைக்குக் கொழுந்தன் ரத்தினம்.

எங்கள் ஊரிலிருந்து அம்பகரத்தூர் ரோட்டுக்கு ஒரு மைல் நடை. அங்கிருந்து காரைக்கால் எட்டு மைல், ஆளுக்கு நாலணா. காலை பஸ்ஸில் முன்னால் உட்காராதீர்கள், வெயில் நேரே முகத்தில் அடிக்கும். சனிக்கிழமை போகவே போகாதீர்கள். திருநள்ளாற்றில் ஏறுகிற கூட்டத்தில் மூச்சு விட இடமிருக்காது. நல்லெண்ணெய் வாடை உங்கள் சேலையோடு வீடு வரைக்கும் வரும். நாங்கள் போனது புதன்கிழமை. ஜன்னலோரம் கிடைத்தது. ஆறேழு மாதத்துக்குப் பிறகு வெளிக்காற்று பட்டதில் எனக்கு என்னவோ குஷியாகவே இருந்தது. வாய் ஓயாத ரத்தினம்தான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன தம்பி, பல்லு வலியா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. திரும்பிப் போயிடுவமா?"

"டிக்கெட் வாங்கியாச்சு, பேசாம வா."

காரைக்காலில் தெருவெல்லாம் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும், வழி தவறாது. ஆபீசில் அரைமணி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு எஞ்சினீயர் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. குடிதண்ணீருக்குப் பக்கத்தில் குப்பை கொட்டக்கூடாது என்பது சட்டம் என்று அவரே சொன்னார். வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"ஆனா இங்க வாய்க்காலே இல்லையேம்மா. வண்டிப்பாதைன்னு போட்டிருக்கு. பங்குனியில நானே வந்து பார்த்தேன், வண்டி போய்க்கிட்டிருந்துச்சு. உங்க ஊர்க்காரர் ஒருத்தரும் பாதைன்னுதான் சொன்னாரு."

அறுப்புக்குப் பிறகு வாய்க்கால் காய்ந்துவிடும். ஆடியில் தண்ணீர் வருகிற வரைக்கும் நாங்கள் அதில்தான் வண்டி ஓட்டுவோம். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் அதைப் பாதை என்று சொன்ன புண்ணியவான் யார்? திரும்பிப் பார்த்தேன். ரத்தினம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க சொன்னேன். தார் ரோடு போட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். லாரியே போவும்னு வேற சொல்லிட்டேன்."

எஞ்சினீயர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும், "பாதைன்னு எழுதியாச்சு, இப்ப வாய்க்கால்னா நான் எப்படிம்மா நம்பறது?" என்றார்.

"ஆடியில வந்து எறங்கிப் பாருங்க. முழங்கால் நனையும்."

"அதுவரைக்கும் குப்பைய எங்க கொட்டறது?"

"அது எனக்குத் தெரியலீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொட்டி, தண்ணி கெட்டு, எங்க தெருவுல ஒரு உசுரு போச்சுன்னா யாரு வந்து பதில் சொல்லுவாங்க?"

"தனியா ஒருத்தர்னு இல்லம்மா. ஆபீஸ்தான்."

"ஆபீஸ் எங்க வாசல்ல வந்து நிக்காதுங்களே. எங்க வீட்டுக்காரர் போனப்ப யாரும் வரல. ஆளு பேரு சொல்லுங்க."

வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு தன் பேரைச் சொன்னார். "நானே வர்றேன். அதுவரைக்கும் அங்க கொட்ட மாட்டாங்க" என்றார்.

வெளியே வந்து பாய் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டோம். வடை நன்றாக இருந்தது. "லாரியே போவும்" என்று ஊர் வந்து சேரும் வரைக்கும் சொல்லிச் சொல்லி ரத்தினத்தைப் படுத்திவைத்தேன்.

ஆடியில் தண்ணீர் வந்தது. அவரும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, சாப்பிட்டுப் போட்ட ஒரு தையல் இலையைத் தண்ணீரில் விட்டார். அது போகப் போகக் கரையோரமாக நாங்களும் நடந்தோம். இலை நேரே குளத்துக்குள் போய், குடம் முக்கிக்கொண்டிருந்த பெண்ணின் காலில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து ரத்தினத்தையே விட்டுப் பள்ளத்துக் கழியைப் பிடுங்க வைத்தார்.

உங்கள் ஊரிலும் இப்படி நோட்டீஸ் ஒட்டினால் கிழித்துப் போடாதீர்கள், எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். கெடு முடிவதற்குள் போய்விடுங்கள். பொய் சொன்னவரோ தப்பாகச் சொன்னவரோ இருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லப்போகிறவர் பேரைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.

இப்போது கிழக்கே வேறொரு திடலைக் குறித்திருக்கிறார்கள். போன வாரம் நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே இரண்டு வீடு இருக்கிறது. நோட்டீசை அவர்கள் இன்னும் படிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போய் வாசித்துக் காட்டிவிட்டு, எந்தப் பஸ் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். குப்பை எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். போகிற இடத்தில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.