எடை குறையாத பாட்டில்

காய்கறிக்காரர் ஒரு கிலோ என்று கட்டிக்கொடுத்த பையை வீட்டில் திரும்ப எடை போட்டுப் பார்க்கிறவள் அவள். காஸ் சிலிண்டரையும் விடமாட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் எடை போட்டிருப்பியே?" என்பான் கணவன்.

"போட்டேன். கொஞ்சம் குறைச்சல்தான். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாகச் சேற்றைச் சோதிக்கிறாள். ஆறு, கால்வாய், ஏரி என்று எங்கிருந்தோ வரும் சேற்றை உலர்த்தி, சலித்து, கரைப்பானில் பதினாறு மணி நேரம் கொதிக்கவிட்டு, வெளியே வந்த நச்சைக் கருவியில் அளப்பது வேலை. கருவி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. அதற்காகவே 'சர்டிபிகேட் சேறு' என்று ஒன்று வாங்குவார்கள். நச்சின் அளவு முன்பே துல்லியமாகத் தெரிந்த சேறு; பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஐம்பது கிராம். ஒவ்வொரு சோதனையிலும் இதில் ஐந்து கிராம் எடுத்துக் கூடவே கொதிக்கவிட வேண்டும். சான்றிதழில் நச்சின் அளவாகப் போட்டிருக்கும் இருநூறு கருவியிலும் ஏறக்குறைய வந்தால் மற்ற எண்களை நம்பலாம். வராவிட்டால் அன்றைய வேலை குப்பை.

அந்தத் திங்கட்கிழமை கால்வாய்க் கரை அறிக்கை அவள் மேஜைக்கு வந்தது. நான்காவது அறிக்கை. கால்வாயின் மேல்பக்கம் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் ஆலை ஒன்று. அதன் பழைய எண்ணெயின் நச்சு சேற்றில் ஒட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் அழியாது. கரையில் நானூறு குடும்பங்கள், கால்வாய் மீனைத் தின்று வாழ்கிறவர்கள். 'மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?' என்று நான்கு முறை மனு எழுதிக் கேட்டுவிட்டார்கள். அனுமதித்த அளவு நூறு. முந்தைய மூன்றைப் போலவே இந்த அறிக்கையும் அளவுக்குள்தான், எழுபது என்றது. 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

பேனாவைத் திறந்தவள் பதிவேட்டையும் திறந்தாள். பாட்டில் வந்ததிலிருந்து நான்கு அறிக்கைகளுக்குமாகச் சர்டிபிகேட் சேறு ஒன்பது முறை சோதிக்கப்பட்டிருந்தது. 199, 201, 200, 200, 198... அவளுக்கு உறுத்தியது. சேறு இவ்வளவு ஒழுக்கமாக நடந்து அவள் பார்த்ததில்லை. ஒரு நாள் நூற்றுத் தொண்ணூறு காட்டும், இன்னொரு நாள் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு எகிறும்.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். வந்த அன்றே மூடியோடு எடை போட்டு அடியில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 162 கிராம். ஒன்பது முறை என்றால் நாற்பத்தைந்து கிராம் போயிருக்க வேண்டும். தராசு 152 காட்டியது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தாள். 152.

பத்து கிராம்தான் போயிருக்கிறது. சோதித்தது இரண்டே முறை.

கருவி அறையில் இருந்தவர் அவளோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள்.

"மிச்ச ஏழு தடவை எதைச் சோதிச்சீங்க தம்பி?"

அவர் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு அக்கா பாட்டிலை எல்லாம் எடை போடுவாங்க?"

"நான் போடுவேன்."

"முதல் ரெண்டு தடவையும் நூத்தி இருபதுதான் வந்துச்சு. பதினாறு மணி நேரம் கொதிக்க வேண்டியதை நாலு மணி நேரத்துலயே இறக்கச் சொன்னாரு அதிகாரி. நச்சு முழுசா வெளிய வரலை. சொன்னேன்க்கா. 'இருநூறுன்னு போட்டுட்டுப் போய்யா'ன்னாரு."

அப்படியானால் எழுபது என்ற எண்ணும் பாதி வெந்த எண். அதைவிட மோசமான சந்தேகம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. முந்தைய மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் அவள் கையெழுத்து. ஊரில் உள்ள தராசை எல்லாம் சந்தேகப்பட்டவள், பக்கத்து அறையிலிருந்து வந்த காகிதத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள்.

யாரிடமும் கேட்காமல் உறைபெட்டியில் மீதமிருந்த கால்வாய்ச் சேற்றை எடுத்து, சர்டிபிகேட் சேற்றோடு முழுசாகப் பதினாறு மணி நேரம் கொதிக்கவிட்டாள். சர்டிபிகேட் சேறு 193 காட்டியது. கால்வாய், 121.

அதிகாரி தாளையும் பாட்டில் எடைக் கணக்கையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது வெளிய போனா முதல்ல மாட்டுறது நீங்கதான்மா. மூணுலயும் சைன் யாருது?"

"என்னுதுதான்."

"அப்புறம் என்ன? நாலாவதுலயும் போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சுது. கால்வாய்க்கரைக்காரங்க என்ன பாட்டிலை எடை போட்டா பார்க்கப் போறாங்க?"

அவளுக்குக் காது சூடேறியது. நானூறு வீட்டில் தராசு கிடையாது என்ற ஒரே தைரியத்தில் ஒரு மனிதன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்! கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

நான்கு அறிக்கைகளும் தவறு, மீன் சாப்பிட வேண்டாம் என்று கடிதம் எழுதினாள். பொறுப்பானவர்கள் பட்டியலில் முதலில் தன் பெயரை எழுதினாள், இரண்டாவதாக அதிகாரி. ஒரு பிரதி மேலிடத்துக்கு, ஒன்று கால்வாய்க் கரைக்கு.

தபால் பிரிவு எழுத்தர் வாங்கிக் கூடையில் போட்டார். "அனுப்பிடறேன், போங்கம்மா."

"நம்பர் போட்டு, என் பிரதியில சீல் வெச்சுக் குடுங்க."

"என் மேல கூட நம்பிக்கை இல்லையா?"

"இல்லை" என்றாள். சீல் விழும்வரை அங்கேயே நின்றாள்.