மடக்கு சைக்கிள் எவாரிஸ்தோ

எவாரிஸ்தோ என்ற பேரை நெலிதா முதன்முதலில் கேட்டது ரயிலின் சைக்கிள் பெட்டியில்தான். "அந்த மடக்கு சைக்கிள்காரன் எவாரிஸ்தோ எங்க இறங்குறான்னு லுஹான் மாதாவுக்குத்தான் வெளிச்சம்" என்றார் ருஃபினோ, அவள் அக்கா புருஷன்.

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் அது. நெலிதாவுக்குக் கடைசி ஸ்டேஷனான கொன்ஸ்தித்துசியோன் பக்கம் சட்டை தைக்கும் வேலை. தினமும் காலையில் அத்தானோடு புர்சாகோவில் ஏறுவாள். கிரீஸும் ஈரக் கம்பளியும் கலந்த அந்தப் பெட்டியின் வாசனை இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது.

அங்கே ஒரு முறை உண்டு. ஏறும்போதே இறங்குகிற ஊரைக் கத்திச் சொல்ல வேண்டும். கடைசியில் இறங்குகிறவர் சைக்கிள் சுவரோரம், முதலில் இறங்குகிறவருடையது கதவோரம். அப்பா விட்டுப்போன நெலிதாவின் கனத்த சைக்கிள் எப்போதும் சுவரோரம்தான்.

எவாரிஸ்தோ மட்டும் இதில் அகப்படமாட்டான், ஊரும் சொல்லமாட்டான். சின்னச் சக்கர சைக்கிளை இரண்டாக மடக்கி முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே ஒரு மரப்பெட்டியில் உட்காருவான்.

"மடக்கின சைக்கிளைத் தூக்கிட்டு, உட்கார சீட்டு இருக்கிற பெட்டியிலயே போகலாமே. இங்க வந்து எதுக்குய்யா எங்க காலை மிதிக்கிற?" என்பார் ருஃபினோ.

"அங்க மாத்தே ஊத்திக் குடுக்க ஆளில்லண்ணே."

நெலிதாதான் குடுவையில் இருக்கும் மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி, அந்தக் கசப்புத் தேநீரை ஒவ்வொருவருக்காக நீட்டுவாள். நாலு மாசம் இப்படியே. கடைசி ஸ்டேஷனில் அவளோடு இறங்கி, "வரேங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி லானுஸில் நின்றது. புதிதாக ஏறியிருந்த ஒருவன் சைக்கிளை இறக்கிக்கொண்டே கத்தினான். "டேய் எவாரிஸ்தோ, தோல் பட்டறை இங்கதானடா இருக்கு, இறங்கலையா? இன்னொரு நாள் லேட்டா வந்தா சீட்டைக் கிழிச்சிருவேன்னு மேஸ்திரி சொன்னாரே!"

பெட்டி கொல்லென்று சிரித்தது. "நாலு மாசமா கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வர்றியா? மாத்தே அவ்வளவு ருசியாப்பா?" என்றார் ருஃபினோ.

எவாரிஸ்தோ எழுந்திருக்கவில்லை. நெலிதாவையே பார்த்தான்.

"இறங்குங்க" என்றாள். அது மட்டும்தான் வாயில் வந்தது. காது மடல் சிவக்க இறங்கிப் போனான். வேலை போய்விடுமே என்று சொன்னதை, வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பானோ? அன்று தைத்த காலர் எல்லாம் கோணல்.

மறுநாள் மரப்பெட்டி காலியாக இருந்தது. அவன் தூரத்து மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ருஃபினோ அவள் சைக்கிளைச் சுவரோரம் தூக்கிக்கொண்டு போனார்.

"அங்க வேணாம் அத்தான், கதவோரம் வைங்க."

"எந்த ஊருக்கும்மா?"

"லானுஸ்!" பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"பைத்தியமே, அங்கிருந்து உன் வேலைக்கு முக்கால் மணி நேரம் மிதிக்கணும்!"

"என் காலுதானே."

எவாரிஸ்தோ மடக்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, எல்லார் காலையும் மிதித்தபடி, மரப்பெட்டிக்கு வந்து சேர்ந்தான். அன்று லேட்டாகப் போய்த் திட்டு வாங்கியது நெலிதாதான்.

ருஃபினோ அத்தான் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எவாரிஸ்தோவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. புர்சாகோவில், தங்கள் மூத்த மகள் வீட்டுப் பின்னறையில், நெலிதாவோடு இருக்கிறார்.