சீமோன் கடை ஆணிகள்

உங்கள் வீடு எங்கே என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் என்றைக்காவது தயங்கியிருக்கிறீர்களா? இல்லை என்றால் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது. உங்களுக்காக யாரோ எப்போதோ ஊரின் நல்ல பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆஸியா தயங்குவதே இல்லை. கேட்ட மாத்திரத்தில் "சயான்" என்பாள். தாராவியில் பாதிப் பேர் பக்கத்துப் பேட்டையின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு பக்கம் இருப்பவர்கள் சயான் என்பார்கள், மறு பக்கம் இருப்பவர்கள் மாஹிம் என்பார்கள். தபால்காரருக்கும் போலீசுக்கும் மட்டும்தான் அங்கே தாராவி என்று ஓர் ஊர் இருக்கிறது.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், கீழே பட்டறை, மேலே வீடு. இரண்டுக்கும் நடுவே செங்குத்தான ஓர் இரும்பு ஏணி. ஆஸியாவின் வாப்பா கரீம் பாட்சா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பை தைத்து, அந்தப் பட்டறையை உண்டாக்கியவர். அவர் தைத்த பைகள் கண்ணாடி போட்ட பெரிய கடைகளில் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. தாராவிக்காரன் தைத்தது என்று தெரிந்தால் வாங்க மாட்டார்களாம்.

அண்ணன் சாஹில் காமர்ஸ் முடித்துவிட்டு விக்ரோலியில் ஓர் ஆபீசுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் வீடு எங்கே என்றார்கள். சொன்னான். "அப்புறம் போன் பண்றோம்" என்றார்கள். இன்று வரை அந்த போன் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் ஊர் சயான் ஆகிவிட்டது.

ஆஸியா மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பழங்கால வரலாறு படிக்கிறாள். "கல்லுக்கூட்டத்தப் படிச்சி என்னம்மா செய்யப்போற?" என்று கரீம் பாட்சா ஒரு தடவை கேட்டார். "பாக்கப்போறேன் வாப்பா" என்றாள். அவருக்கு அது போதுமான பதிலாகப் பட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, மை பரவிப்போன ஒரு படம் இருந்தது. ஏதென்ஸ் நகரத்து மலைமேல் தூண்கள். அந்த நகம் அளவுப் படத்தில்தான் அவள் விழுந்தாள்.

அதனால் மாணவர்களைக் கிரேக்கத்துக்கு அழைத்துப் போக ஓர் அறக்கட்டளை முன்வந்து, தேர்வு வைத்து ஆள் எடுத்தபோது, ஆஸியாவின் பெயர் முதலில் வந்ததில் அவளைத் தெரிந்த யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

கிளம்பும் நாளில்தான் சிக்கல். கூட வரும் ஷ்ருதி மாட்டுங்காப் பெண், பாலக்காட்டுக் குடும்பம், வகுப்பில் பக்கத்து இருக்கை. "நாங்க ஏர்போர்ட்டுக்கு சயான் வழியாத்தான் போறோம், பிக்கப் பண்ணிக்கறோம், லொகேஷன் அனுப்பு" என்றாள். ஆஸியா லொகேஷன் அனுப்பினாள். சயானில் ஓர் உயரமான கட்டடத்தின் கேட். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. மத்தியான வெயிலில் பெட்டியோடு அந்த கேட்டில் போய் நின்றாள். ஷ்ருதியின் அப்பா வைத்தீஸ்வரன் ஓட்டி வந்த கார் பக்கத்தில் வந்து நிற்கவும், வாட்ச்மேன் அவளிடம், "கிஸ்கே கர் ஜானா ஹை?" என்று கேட்கவும் சரியாக இருந்தது. யார் வீட்டுக்குப் போகணும்? ஆஸியா பதில் சொல்லாமல் காரில் ஏறினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கார் தாராவியைத் தொட்டதும் வைத்தீஸ்வரன் பழக்கத்தில் கண்ணாடியை ஏற்றினார். "இந்த நாத்தம் இருக்கே, ராம ராமா."

"ஆமா அங்கிள்" என்றாள் ஆஸியா.

அந்த இரண்டு சொற்களும் அவளோடு விமானம் ஏறின.

ஆனால் ஏதென்ஸ் மலைமேல் ஏறி நின்ற காலையில் எல்லாம் மறந்துபோயிற்று. நகம் அளவுக்கு இருந்தது இப்போது வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. தூண்களின் வெள்ளை, உண்மையில் வெள்ளை இல்லை. காய்ச்சிய பாலின் நிறம். வெயில் ஏற ஏற அது தேன் நிறமாகிக்கொண்டே போனது. தூண்கள் நேராக இல்லை என்றாள் வழிகாட்டிப் பெண். எல்லாம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கின்றன, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கின்றன, தரை நடுவில் மெல்ல உயர்ந்திருக்கிறது. மனிதக் கண் எங்கே ஏமாறும் என்று கணக்குப் போட்டு, கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லை வளைத்திருக்கிறார்கள். ஆஸியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேவதைச் சிலைக்காகக் கட்டிய இடம்தான். ஆனால் எந்தத் தேவதையும் வந்து கட்டித் தரவில்லை. மனிதன் யோசித்திருக்கிறான். யோசித்தவனுக்குப் பின்னால், கல்லை வெட்டியும் வண்டியில் ஏற்றியும் முதுகு ஒடிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் அடிமைகளும் உண்டு என்று வழிகாட்டி சொன்னபோது, கூட்டத்தில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது கோவிலா இருந்தது, பிறகு தேவாலயமா இருந்தது, பிறகு மசூதியா இருந்தது" என்று வழிகாட்டிப் பெண் அடுக்கினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உன் ஆளுங்களும் இங்க வந்திருக்கா பாருடி" என்று ஷ்ருதி இடித்தாள்.

"வாடகை குடுத்திருப்பாங்களா?" என்றாள் ஆஸியா. இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஏறாத இறங்காத குரல்தான் ஆஸியாவை அசத்தியது. ஒரு நாட்டில் ஒரு கட்டடத்தின் கதையை இப்படியும் சொல்லலாம்போல.

எபிடாரஸ் என்ற ஊரின் பழங்காலத் திறந்தவெளி நாடக அரங்கத்தில் ஷ்ருதி கீழே நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தாள். உச்சி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆஸியாவின் காதில் அது கிழிந்தது. மைக் கிடையாது, மந்திரம் கிடையாது. கல் படிகளின் சரிவு மட்டும்தான். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று ஒருவன் கவலைப்பட்டிருக்கிறான்! ஆஸியா எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கீழிருந்து ஷ்ருதி சாதாரணமாக, "ஏய் மகாராணி, பஸ் போயிடும்டி" என்றாள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

பயணத்தின் கடைசிக் கட்டம், ஏதென்ஸின் பழைய சந்தை வெளி. அகோரா என்பார்கள். கூட வந்திருந்த பேராசிரியர் சாய்நாத் ஒரு தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஓர் இடம், அந்த இடத்தில் நின்று அவர்கள்தான் விளக்க வேண்டும். ஷ்ருதிக்கு முழுசாக நிற்கும் அழகான கோவில் கிடைத்தது. ஆஸியா எடுத்த சீட்டில் ‘செருப்புத் தைக்கும் சீமோனின் கடை’ என்று இருந்தது. யாருக்காவது தெரிந்துவிட்டதா? தொப்பியைப் பார்த்தாள். தொப்பிக்கு என்ன தெரியும்!

போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சில கல் சுவர்கள், காய்ந்த புல், வெயில் காயும் ஒரு பல்லி. பக்கத்திலேயே ஒரு கல். அதில் பழைய எழுத்தில் வெட்டியிருந்ததை ஆஸியா எல்லோருக்கும் சொன்னாள்: "நான் அகோராவின் எல்லை." கல் தானே பேசுவதுபோல எழுதியிருக்கிறார்கள். எல்லைக்கு உள்ளே எல்லோரும் வரலாகாது. எல்லையை ஒட்டி வெளியே, இந்தக் கடை. இளம்பிள்ளைகளுக்குச் சந்தைக்குள் வேலை இல்லை என்பதால், சாக்ரடீஸ் இங்கே வந்து உட்கார்ந்துதான் அவர்களோடு பேசினார் என்று ஒரு செய்தி உண்டு. தோல் வாடையில் உட்கார்ந்து, நீதி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். கடைத் தரையில் இரும்பு ஆணிகளும் எலும்பு வளையங்களும் சிதறிக் கிடந்ததால்தான் இது செருப்புக் கடை என்று தெரிந்தது.

"நல்ல கேள்வி ஒண்ணு இருக்கு," என்றார் சாய்நாத். "வேலை செய்யற இடத்துல ஆணியை ஏன் அப்படியே தரையில விட்டுட்டாங்க?"

"காந்தம் இல்ல சார்" என்றாள் ஆஸியா, யோசிக்காமல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேகமாகச் சொன்னாள்: "பழைய ஸ்பீக்கர்லேர்ந்து காந்தத்தைக் கழட்டி, கயித்துல கட்டி, சாயந்தரம் தரையில இழுப்பாங்க. விழுந்த ஆணி பூரா ஒட்டிக்கிட்டு வந்துரும். மறுநாளைக்கு ஆகும்."

"பிரமாதம். உனக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஷ்ருதியும் பார்த்தாள். எல்லைக்கல் அவள் காலடியில் இருந்தது.

"எங்கயோ படிச்சேன் சார்."

பிறகு அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ஆணிகள். துருவேறி, ஒன்றோடொன்று ஒட்டி, கைப்பிடி அளவு. பட்டையான தலை, குட்டையான உடம்பு. செருப்புக் கயிறு கோக்கும் எலும்பு வளையங்கள், வாப்பா பட்டறையில் பித்தளையில் இருப்பவை. ஒரு கறுப்புக் கிண்ணத்தின் அடித்துண்டு. அதில் கீறி எழுதியிருந்தது, ‘சீமோனுடையது’ என்று. ஒரு தொழிலாளி, தன் கிண்ணத்தை யாரும் எடுத்துப்போய்விடக் கூடாது என்று பெயர் கீறியிருக்கிறான். பெரிய பெரிய ராஜாக்களின் பெயர் அழிந்துவிட்டது, இது நிற்கிறது. ஆஸியா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மலைமேல் தூண்களைப் பார்த்தபோது வராத கண்ணீர் இந்த ஆணிகளைப் பார்த்து வந்தது.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். கரீம் பாட்சா கையில் ஊசியோடு வந்தார்.

"சாப்ட்டியாம்மா? அங்க என்ன பாத்த?"

"ஒரு செருப்புக் கடை பாத்தேன் வாப்பா."

"நல்ல சரக்கா? என்ன வெலைக்கு விக்கான்?"

"கடைக்காரர் மவுத்தாகி ரெண்டாயிரத்து சொச்சம் வருசம் ஆச்சு வாப்பா."

அவர் ஊசியை நிறுத்தினார். "அப்போ கடைய இன்னுமா இடிக்கல?"

அவர்கள் சந்தை இடித்துக் கட்டுவதற்காக எல்லாக் கதவிலும் சர்வே நம்பர் எழுதியிருக்கிறது. யாருக்கு வீடு, யாருக்குக் கிடையாது என்று இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. இங்கே ஒரு முழங்கால் உயரச் சுவரைச் சுற்றி ஒரு நாடே காவல் நிற்கிறது.

"இடிக்கல வாப்பா. பாதுகாத்து வச்சிருக்காங்க."

"பரவால்லியே," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "தொழில்காரனுக்கு மதிப்பு தெரிஞ்ச ஊரு."

அந்த மனிதரிடம் பார்த்ததைத்தான் அவள் ‘எங்கயோ படிச்சேன்’ என்று சொல்லியிருந்தாள்.

திரும்பி வந்த காலையில் வைத்தீஸ்வரன் விமான நிலையத்துக்குக் கார் கொண்டுவந்திருந்தார். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள் முடிந்து, பாலம் தாண்டி, தாராவி வந்தது. கண்ணாடியை ஏற்றினார்.

"சயான்ல அதே கேட்டுதானே கொழந்தே?"

ஆமாம் என்றால் போதும். அந்த கேட்டில் இறங்கி, கார் மறைந்ததும் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிடலாம். ஆஸியாவுக்கு அந்த எல்லைக்கல் நினைவுக்கு வந்தது. நான் அகோராவின் எல்லை என்று ஒரு கல் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டே நிற்கிறது.

"அங்கிள், இங்கயே நிறுத்துங்க."

"இங்கயா? சயான் இன்னும் வரலையேம்மா."

"என் வீடு சயான்ல இல்ல. தாராவிதான். எங்க வாப்பா தோல் பட்டறை வச்சிருக்காங்க."

கார் ஓரமாக நின்றது. ஷ்ருதி முதலில் இறங்கி டிக்கியைத் திறந்தாள். "நேக்கு அன்னிக்கே தெரியும்டி. வாட்ச்மேன் கேட்டது காதுல விழுந்துது. கேட்டா நீ கஷ்டப்படுவேன்னு விட்டுட்டேன்."

"கேக்காம இருந்தது யாருக்கு சுலபம்?" என்றாள் ஆஸியா.

ஷ்ருதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் சந்துக்குள் நடந்தாள்.

பட்டறையில் கரீம் பாட்சா எழுந்து நின்றார். இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்தார். ஷ்ருதி அதில் உட்காரவில்லை. மூலையில் கயிற்றில் கட்டிக் கிடந்த காந்தத்தைப் பார்த்துவிட்டாள். "இதுதானா?" என்று எடுத்துத் தரையில் மெல்ல இழுத்தாள். சர்ர் என்று ஆணிகள் தாவி வந்து மொய்த்தன. "அரே வா!" என்று சின்னக் குழந்தைபோலக் கூவினாள். "அப்போ சீமோன் கடையில..."

"அதேதான்."

"யாரும்மா அது சீமோன்?" என்றார் கரீம் பாட்சா.

"உங்க தொழில்காரர் வாப்பா. அங்க சார் கேட்டப்ப, இந்தக் காந்தத்தை எங்கயோ படிச்சேன்னுட்டேன். நாளைக்கிக் காலேஜுக்குப் போய், எங்க வாப்பா பட்டறையில பாத்தேன்னு சொல்லப்போறேன்."

அவர் ஊசியை எடுத்துத் துடைத்தார். பிறகு சாயா வந்தது. "முனையில நிக்கிற வண்டியில ஒங்க வாப்பாவா இருக்காரு? கூப்பிடு புள்ள, ஆறிரும்."

ஷ்ருதி போன் செய்தாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "இல்லடா, வண்டியை விட்டுட்டு எப்படி வரது? நீ சீக்கிரம் வந்துடு."

கரீம் பாட்சா அவருக்கு ஊற்றிய டம்ளரைத் தட்டால் மூடி வைத்தார். "மெதுவா வரட்டும்" என்றார்.

சந்து முனையில் கார் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி ஏறியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் நீங்களாக இருந்தால், எஞ்சினை நிறுத்துங்கள். கதவைத் திறந்து கீழே இறங்கி வாருங்கள். சாயா இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.